ரேகை வைத்த விரல்

ராதாரிச் சீட்டு என்று ஒரு காகிதம் இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன், அன்றைய மதுரை மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக் கிராமங்களில், பிரமலைக் கள்ளர் ஒருவர் பெண் பார்க்கப் போனாலும் சந்தைக்கு மாடு ஓட்டிப் போனாலும் அது மடியில் இருக்க வேண்டும். பெயர், ஊர், போகும் இடம், திரும்பும் நாள் எல்லாம் அதில் எழுதியிருக்கும். எழுதுகிறவர் கிராம அதிகாரி. வாங்கிப் பார்க்கிறவர் போலீஸ்காரர். சுமந்து திரிகிற ஆளுக்கு மட்டும் பெரும்பாலும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

அந்த மேற்குப் பக்கத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் வாசிப்பு வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் இங்கே எத்தனையோ குடும்பங்களுக்கு எழுத்து முதலில் முகம் காட்டியது சிலேட்டுப் பலகையில் அல்ல. போலீஸ் நிலையப் பதிவேட்டில், ஒரு கட்டைவிரல் ரேகைக்குப் பக்கத்தில்.

1871இல் வெள்ளையர் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்ட பிறகு சென்னை மாகாண அரசின் கைக்கும் கிடைத்தது. 1914இல் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குடியில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் அது வளைத்தது. வயது வந்த ஆண்கள் எல்லோரும் ரேகை வைக்க வேண்டும், இரவில் போய்ப் படுக்க வேண்டிய இடத்தையும் சட்டமே சொல்லும். ஜனங்கள் அதன் நீண்ட ஆங்கிலப் பெயரை ஒதுக்கிவிட்டு, சுருக்கமாக ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு கச்சிதமாகப் பெயர் வைத்திருக்காது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் உசிலம்பட்டி வட்டாரத்தில் உள்ள பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற மக்கள்மீது போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இந்தச் சட்டத்துக்கு எதிராகக் கள்ளர்களுக்காக வாதாடினார். ‘ரோசாப்பூ துரை’ என்று அவர்கள் அவருக்குப் பெயரே வைத்தார்கள். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ நாவல் இந்த வரலாற்றின் நீண்ட முன்கதையையும் சேர்த்துச் சொல்லி 2011இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

அதே 1920இல்தான் கள்ளர் சீரமைப்புத் திட்டமும் வந்தது. பள்ளிகள், மாணவர் விடுதிகள், கூட்டுறவுச் சங்கங்கள். ஒரு கை ரேகை எடுத்தது, இன்னொரு கை சிலேட்டுக் கொடுத்தது. இரண்டும் ஒரே அரசின் கைகள். ‘திருத்த’ வந்த பள்ளிதான். ஆனால் பிள்ளைகளை அனுப்பியவர்கள் அதைத் தங்கள் பள்ளியாக எடுத்துக்கொண்டார்கள். 1947இல் சட்டம் ஒழிந்தது, பள்ளிகள் ஒழியவில்லை. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறக்குறைய 300 அரசு கள்ளர் பள்ளிகள் பல்லாண்டுகளாகத் தனித் துறையின் கீழ் இயங்கிவந்தன. 2023 பட்ஜெட்டில் இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அரசு அறிவித்தபோது எதிர்ப்புக் குரல் எழுந்ததைப் புரிந்துகொள்ள இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். வெளியாளுக்கு அது சாதிப் பெயர் தாங்கிய ஒரு பலகை. ஊர்க்காரருக்கு, ரேகை வைத்த தாத்தாவின் பேரன் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட இடம்.

பள்ளத்தாக்கில் எழுத்து ஒரே வாசல் வழியாக வரவில்லை. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் பின்னர் பெரியகுளத்திலும் நிலையம் அமைத்தது. போடியில் ஜமீன்தாரிணி காமுலம்மாள் பெயரில் இன்றும் பள்ளி நடக்கிறது. தேனி சந்தையோடு வளர்ந்த நாடார் உறவின்முறையின் கல்வி நிலையங்கள் சரஸ்வதி பெயரில் நடக்கின்றன. கடைக்குக் கடை மகமை எடுத்துப் பள்ளி கட்டுவதும், வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்து அதை நடத்துவதும் 1889இல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலா காட்டிய வழி. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் 1956இல் ஹௌதியா கல்லூரியைத் தொடங்கியதும் இந்தப் பட்டியலில் சேரும். பள்ளத்தாக்குப் பிள்ளைகள் மதுரைக்கு ரயிலேறாமல் பட்டம் வாங்க முடிந்தது.

ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைக்குத் தானே வாசல் திறந்தது நல்ல காரியம்தான். ஆனால் மகமை எடுக்கக் கடை இல்லாதவர்கள், ஜமீன் இல்லாதவர்கள், மிஷன் போகாத மலையில் இருந்தவர்கள் என்ன செய்வது? அகமலைப் பக்கத்துப் பளியர் குடிகளுக்கும் கொட்டகுடிக்கு மேலே முதுவாக்குடியில் இருந்தவர்களுக்கும், வயலில் கூலிக்குப் போன அருந்ததியர் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கும் இந்த வாசல்கள் எதிலும் அவ்வளவாக இடம் இருக்கவில்லை. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை பள்ளத்தாக்கை இருபோகமாக்கியது. கம்பத்திலும் கூடலூரிலும் அவர் படம் மாட்டாத கடை குறைவு. நெல் இருபோகமானபோது நாற்று நடவும் களை எடுக்கவும் கையாள் தேவையும் இரட்டித்தது. அந்தக் கைகளில் பிள்ளைக் கைகளும் உண்டு.

பள்ளிக்கு வெளியே படித்தவர்களைக் கணக்கில் எடுக்காவிட்டால் இந்த வரலாறு பாதிதான். 1942 நவம்பரில் சி. பா. ஆதித்தனார் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கினார். சின்ன வாக்கியம், பெரிய எழுத்து, பேச்சு வழக்குக்கு நெருங்கிய தமிழ். டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். கேட்டவர்களில் இரண்டு பேராவது நாளடைவில் தலைப்பை எழுத்துக்கூட்டத் தொடங்கினார்கள். இதற்கு யாரும் சான்றிதழ் தரவில்லை. கொட்டகை வாசலில் விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகம் இன்னும் கெட்டிக்கார ஆசிரியர். பாட்டு ஏற்கனவே மனப்பாடம். அச்சில் எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று கண் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி. காது முந்திப் போய் கண்ணுக்கு வழி காட்டும் இந்த முறையைப் பிற்காலத்தில் செயலிகள் தொழில்நுட்பமாக விற்றன.

இதே பள்ளத்தாக்கில், பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பிய பாவலர் வரதராசனின் பாட்டுக் குழு கம்யூனிஸ்ட் மேடைகளில் அரசியலைப் பாட்டாகச் சொன்னது. 1958இல் மலைக்கு அப்பால் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே அந்தக் குழு பாடியது. அதில் இருந்த சின்னப் பையன்தான் பின்னாளில் இளையராஜா. எழுத்து எட்டாத எஸ்டேட் லயங்களுக்குச் செய்தி அப்படித்தான் போனது.

நூலகத்தின் கதையில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட உரிமை உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் நிறைவேறியது. பின்னால் இருந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். அதற்கும் 17 ஆண்டு முன்பே, 1931 அக்டோபரில், மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அதே ஆண்டில்தான் ரங்கநாதன் நூலக இயலின் 5 விதிகளைப் புத்தகமாக்கினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புத்தகம் என்பது அவற்றில் இரண்டாவது. ‘ஒவ்வொரு’ என்ற அந்தச் சொல்லில்தான் இன்று சமத்துவம் என்று மாநாடு போட்டுப் பேசுவது முழுவதும் அடக்கம்.

சட்டத்தில் ஒரு முடிச்சும் இருந்தது. நூலகம் நடப்பது நூலக வரியில். அந்த வரி வீட்டு வரியின்மீது ஒட்டிக்கொண்டு வருவது. வீடு பெரிதாக இருக்கும் ஊரில் நூலகமும் கொழுக்கும். ஓலைக் குடிசையும் லயமும் நிறைந்த ஊரில் வரி ஏது, புத்தகம் ஏது? பள்ளத்தாக்கு இருக்கும் தேனி 1996இல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 12,45,899 பேர் வாழ்ந்த அந்த மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 77 விழுக்காடு. மாநிலச் சராசரி 80ஐத் தாண்டியிருந்தது.

அந்த 77ஐ எட்டியதில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்துக்குப் பங்கு உண்டு. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் அலை தமிழ்நாட்டுக்கு வந்தது. புதுக்கோட்டையில் அது பெண்களைச் சைக்கிளில் ஏற்றி உலகச் செய்தியானது. தெரு விளக்கடியில், கோயில் திண்ணையில், பள்ளி முடித்த பெண்களும் பையன்களும் தொண்டர்களாக உட்கார்ந்து, பாட்டியும் அத்தையும் பெரியப்பாவுமாக வந்தவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பாடம் ‘அ’வில் தொடங்கி ‘ஃ’கில் முடியும் பழைய வரிசையை விட்டுவிட்டு, வாழ்க்கையில் அன்றாடம் இடறும் சொற்களைப் பிடித்தது. பஸ் போர்டு, கூலிக் கணக்கு, மனு. கைநாட்டு வைத்த கை பேர் எழுதப் பழகியது.

பழகிய கை இப்போது என்ன செய்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் விரல்ரேகைப் பதிவு வந்தது. அறிவொளியில் கையெழுத்துக் கற்ற பாட்டி கருவியின்மேல் விரல் வைக்கிறார். களை பிடுங்கியும் ஏலம் பறித்தும் தேய்ந்த விரல். கருவி ஏற்க மறுக்கிறது. ‘ரேகை விழலம்மா, சேலையில துடைச்சிட்டு வைங்க’ என்கிறார் கடைக்காரர்.

ஏலம் என்று சொன்னதால் ஜீப்பைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், தேவாரம், போடியிலிருந்து ஜீப்புகள் கிளம்பும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று மலைப் பாதைகள். மேலே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் எத்தனை பேர் என்று எண்ணுவது அநாகரிகம். பெரும்பாலும் பெண்கள். மாலையில் திரும்புவார்கள். ஏலக்காயை வாங்கி விற்கும் வியாபாரம் போடியிலும் புத்தடியிலும் பல ஆண்டுகளுக்கு முன்பே கணினித் திரைக்கு மாறிவிட்டது. வியாபாரி பொத்தானை அழுத்தினால் விலை திரையில் ஏறும். அந்தக் காயைப் பறித்த அம்மாவின் பிள்ளைக்குத் திரை வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. வந்த வேளையும் சரியில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. 9 முதல் 12ஆம் வகுப்புகள் 2021 தொடக்கத்தில் கொஞ்ச நாள் நடந்து மூடி, செப்டம்பரில் மறுபடியும் திறந்தன. 1 முதல் 8 வரை படித்த சின்னப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1 வரை காத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தொடங்கிய பிள்ளை, மூன்றாம் வகுப்பில்தான் மறுபடியும் கரும்பலகையைப் பார்த்தது. இடையில் அரசின் கையில் இருந்தவை இரண்டு. 2018இல் புதிய பாடத்திட்டம் வந்தபோதே பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிட்டு, மத்திய அரசின் ‘தீக்ஷா’ தளத்தில் இருந்த காணொளிகளோடு இணைத்திருந்தார்கள். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியிருந்தது. இரண்டும் பெருந்தொற்றை எதிர்பார்த்துச் செய்தவை அல்ல, இருந்ததால் தப்பித்தார்கள். தொலைக்காட்சி வீட்டிலேயே இருக்கும் பொருள், அண்டை வீட்டிலாவது இருக்கும். கியூஆர் குறியீட்டுக்கு ஸ்மார்ட்போன் வேண்டும், சிக்னல் வேண்டும், டேட்டா வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், போன் வீட்டில் இருக்க வேண்டும். அது அம்மாவின் இடுப்புச் சுருக்குப் பையில் ஜீப் ஏறி மலைக்குப் போயிருந்தது.

எல்லை மூடிய மாதங்களில் ஜீப்பும் நின்றது. மலைக்கு வேலைக்குப் போக இ-பாஸ் வேண்டும் என்றார்கள். ராதாரிச் சீட்டோடு அதை ஒப்பிடுவது முறையல்ல. அது சாதியைக் குற்றமாக்கியது, இது நோய்க்குப் பயந்தது. ஆனால் விண்ணப்பத்தை நிரப்ப ஊரில் படித்த ஒரு பிள்ளையைத் தேடி அலைந்தது மட்டும் மாறவில்லை.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கிவைத்தார். கட்டமைப்பைப் பார்த்தால் அறிவொளியின் பேத்தி என்று தெரியும். தெருவுக்குள்ளேயே ஒரு திண்ணை, கோயில் மண்டபம், சமுதாயக் கூடம். ஏறக்குறைய 20 பிள்ளைக்கு ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் அந்தத் தெருவில் வாக்கப்பட்டு வந்த அல்லது படித்துவிட்டு வேலை தேடும் பெண். மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பள்ளத்தாக்கின் கணக்குக்கு அந்த நேரம் தற்செயலாகப் பொருந்தியது. ஜீப் திரும்பும் நேரம், போனும் திரும்பும் நேரம்.

2022 ஜூன் 1 முதல் 12 வரை, பள்ளி திறப்பதற்கு முந்தைய கோடை விடுமுறையின் கடைசி நாட்களில், இல்லம் தேடிக் கல்வி மையங்களில் வாசிப்பு மாரத்தான் நடந்தது. கருவி, கூகுளின் ‘ரீட் அலாங்’ செயலி. 2019இல் ‘போலோ’ என்ற பெயரில் இந்தியாவில் பிறந்தது. அடுத்த ஆண்டு பெயர் மாறி உலகுக்குப் போனது. பிள்ளை திரையில் உள்ள கதையை உரக்கப் படிக்கும், செயலி கேட்கும், சரியாகப் படித்தால் பாராட்டும், தடுமாறினால் ‘தியா’ என்ற பொம்மைப் பெண் அந்தச் சொல்லை ஒலித்துக் காட்டுவாள். கதையை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் இணையம் தேவையில்லை. வேறு எதை விட்டாலும், மலையடிவாரத்தில் இந்தச் சலுகை ஒன்றே செயலியைப் பயனுள்ளதாக்கியது. பள்ளியிலோ டவுனிலோ இறக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து படிக்கலாம்.

தியா பொறுமைசாலி என்பதும் உண்மை. ஒரே சொல்லை ஐம்பது முறை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டாள். வகுப்பில் எழுந்து நின்று தப்பாகப் படித்து, பக்கத்துப் பிள்ளைகள் சிரித்து, அன்றோடு வாய் மூடிப்போன பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சிரிக்காத ஒரு காது கிடைப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தக் காது யாருடைய தமிழைக் கேட்டுப் பழகியது? தேனிப் பக்கத்தில் வாழைப்பழம் வாயில் வரும்போது ‘வாளப்பளம்’ ஆகிவிடும். இது பிழை என்று வாத்தியாரே சொல்ல மாட்டார், அவருக்கும் அப்படித்தான் வரும். கம்பத்தில் ஒக்கலிகக் காப்பிலியர் வீடுகளில் கன்னடம் பேசுகிறார்கள். ராஜகம்பளத்தார் வீட்டிலும் அருந்ததியர் வீட்டிலும் தெலுங்கு. எல்லையோரத்தில் மலையாளம் கலக்கும். தமிழே பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் ‘வந்துக்கிட்டு இருக்காங்க’ என்பது திரையில் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று நீளும்போது அது பாதி அயல்மொழி. தன்னார்வலர் அக்கா இதற்கு நடுவே உட்கார்ந்து, ‘அதான்டா, நம்ம பாட்டி சொல்லுமே’ என்று அந்தச் சொல்லைத் தெருவுக்கு இறக்குவார். படித்த சொற்களை எண்ணும் மாரத்தான் கணக்கில் அந்த ஒரு வரி ஏறாது.

திரையில் ஓடும் கதைகள் எங்கிருந்து வருகின்றன என்பது அடுத்த கேள்வி. தமிழில் மின்நூல் என்ற காரியம் தொடங்கியது 1998 பொங்கலன்று. சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ அது; பெயரில்தான் மதுரை. தட்டச்சு செய்தவர்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள். முதல் எண் திருக்குறளுக்கு. இலக்கியம் காப்பாற்றப்பட்டது, ஆறு வயதுப் பிள்ளைக்கு அதில் படிக்க அதிகமில்லை. அந்த இடைவெளியை நிரப்பத் தொடங்கியது பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8 அன்று திறந்த ‘ஸ்டோரிவீவர்’. 24 மொழிகளில் 800 கதைகளோடு தொடங்கியது. முக்கியம் எண்ணிக்கையைவிட உரிமம்தான்: யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம், அச்சிடலாம். ஒரு பள்ளி ஆசிரியர் தன் வகுப்புக்கு ஏற்ற வரிகளில் ஒரு கதையை மறுபடி எழுதி, படத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடியும். ஏலத்தோட்டத்து அம்மாவும், சுருளிப்பட்டித் திராட்சைப் பந்தலும், அகமலைத் தேனும் வரும் கதையைப் பள்ளத்தாக்கிலேயே யாராவது எழுதிச் சேர்க்கலாம். அனுமதி கேட்கத் தேவையில்லை.

கண்ணால் படிக்க முடியாதவர்களை வாசிப்பின் கதை அடிக்கடி மறந்துவிடும். தேனியில் மறப்பது கடினம். தேனி சீருடையானின் ‘நிறங்களின் உலகம்’ நாவல் பார்வையிழந்த ஒரு சிறுவனின் பள்ளி வாழ்க்கையிலிருந்து எழுந்தது. பிரெயில் புள்ளிகளை விரல் படிக்கும் உலகம் அது. இங்கேயும் விரல்தான், ஆனால் இந்த விரல் அரசுக்காகப் பதியவில்லை, தனக்காகத் தடவுகிறது. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்ற வழிவிடும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013 ஜூனில் ஏற்கப்பட்டது. அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, 2014இல். 2016இல் ‘சுகம்ய புஸ்தகாலயா’ இணைய நூலகம் வந்தது. இருந்தும் தமிழில் ஒரு பழைய வினை துரத்துகிறது. கணினி வந்த முதல் இருபது ஆண்டுகளில் அச்சகத்துக்கு ஓர் எழுத்துரு, பத்திரிகைக்கு ஓர் எழுத்துரு, அரசுக்கு இன்னொன்று. 2010இல் தமிழக அரசு யுனிகோடை ஏற்றது. அதற்கு முன் தட்டிய கோப்புகளும், பக்கத்தைப் படமாக எடுத்துப் போட்ட மின்நூல்களும் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும்; திரைவாசிப்பானிடம் கொடுத்தால் உளறும், அல்லது ஊமையாகிவிடும். இலவசமாக இணையத்தில் இருக்கிறது என்று சொல்லப்படும் எத்தனையோ தமிழ் நூல்கள் பார்வையற்ற மாணவருக்குப் பூட்டிய அலமாரிதான்.

அரசும் திரையை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 2022 ஜூன் 13இல் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கியது. ஒரே வகுப்பில் இருந்தாலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் படியில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது அதன் முறை. அதே ஆண்டு ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் வந்தன. 2023இல் வந்த வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். 16 பக்கம், கையில் அடங்கும், சார்ஜ் தீராது, யாரும் ஜீப்பில் எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 15இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. குழந்தைகள் பகுதியைப் பார்க்கும் எந்தப் பிள்ளையும் வீட்டுக்குக் கிளம்பச் சம்மதிக்காது. கூடலூரிலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் ஆகும்.

தேனி மலைகளுக்கு மறுபக்கம், மூணாறுக்கும் அப்பால், இடமலக்குடி என்ற முதுவர் ஊராட்சி இருக்கிறது. கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. முதுவாக்குடிக்காரர்களுக்குச் சொந்தக்காரச் சனம். காட்டு வழியில் பல மணி நேரம் நடந்தால்தான் அடையலாம் என்றிருந்த அந்த ஊரில், மண் சுவர் டீக்கடை ஒன்றில் நூலகம் நடப்பதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதினார். டீக்கடைக்காரரே நூலகர். 160 புத்தகங்கள், இரண்டு சாக்குப் பையில். கடைக்கு வருகிறவர்களுக்கு ஒரு டம்ளர் கட்டஞ்சாயா, கேட்டால் ஒரு புத்தகம். சேர ஒருமுறை 25 ரூபாய், மாதம் 2 ரூபாய். இரவல் போன புத்தகத்தின் பெயரும் வாங்கியவர் பெயரும் நோட்டில் ஏறும். அதற்கு முந்தைய ஆண்டுக் கணக்கில் 37 பதிவுகள் இருந்தன. எந்தப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டால், நோட்டைத் திறக்காமலேயே அந்தக் கடைக்காரரால் சொல்ல முடிந்திருக்கும்.